ஆஞ்சநேயருக்கு ஷியா பட்டர்

போன வருஷம் அனுமத் ஜயந்தி அன்று உச்சிப்பொழுதில் ஆஞ்சநேயரின் மூக்கு கழன்று வடைமாலையில் விழுந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பிராமணர்களின் சமூக மடத்தில் அதற்கு முன்பும் பல விஷயங்கள் விழுந்திருக்கின்றன. கூரை ஓடு விழுந்திருக்கிறது, ஒரு முறை சமையற்காரர் விழுந்தார், தேர்தலில் தலைவர்கள் விழுந்தார்கள். ஆனால் எதுவும் நேரலையில் விழவில்லை. காரியதரிசி கிருஷ்ணபிரசாத் அப்போது கைபேசியை ஸ்வாமியின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். மும்பையிலும் துபாயிலும் உட்கார்ந்திருந்த மடத்துப் பிள்ளைகள், மூக்கைத் தொடர்ந்து தாடையும் மெல்ல இறங்கி வருவதைக் கைகூப்பியபடி பார்த்தார்கள்.

கருங்கல் விக்கிரகத்தின் மேல் வெண்ணெயை அப்பி, கண்ணும் மூக்கும் வைத்து முகம் வடிப்பதற்கு வெண்ணெய்க் காப்பு என்று பெயர். காலையில் சாத்தினால் சாயங்கால தீபாராதனை வரைக்கும் நிற்கவேண்டும். பிறகு அதை வழித்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுப்பார்கள். குளிர்ந்த ஊர்க்காரர் யாரோ ஏற்படுத்திய வழக்கமாக இருக்கவேண்டும். கொச்சியில் மார்கழி என்பது காலண்டரில் மட்டும் வருகிற மாதம். போதாக்குறைக்கு, படத்தில் முகம் பளிச்சென்று விழட்டும் என்று கிருஷ்ணபிரசாத் கல்யாண மண்டபத்து விளக்குகளை வாடகைக்கு எடுத்து இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். அந்த வெக்கையில் வெண்ணெய் என்ன, கமிட்டி உறுப்பினரே உருகியிருப்பார். ஆனாலும் கமிட்டி கூடிப் பேசியபோது விளக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“சாஸ்திரிகளுக்குக் கைச்சூடு ஜாஸ்தியாக்கும்,” என்றார் கிருஷ்ணபிரசாத். “கல்பாத்தியிலே ஒருத்தர் இருக்கார். அவர் கை பட்டா வெண்ணெய் கல்லு மாதிரி நிக்குமாம். அடுத்த வருஷமும் இப்படி வழிஞ்சா, நாம அவரைத்தான் வரச் சொல்லணும். ஜயந்திக்கு மட்டும் வான்னா வரமாட்டார், கேட்டேளா. பூஜையையே கொடுத்தாத்தான் வருவார்.”

காப்புச் சாத்திய வாஞ்சிநாத சாஸ்திரிகள் தலையை ஆட்டினார். மடத்துப் பூஜையும் மடத்தின் பின்கட்டு வீடும் சேர்ந்தே வந்தவை, போனாலும் சேர்ந்தே போகும். ஒரு மூக்கின் மேல் ஒரு குடும்பம் குடியிருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வருஷம் முழுக்க அவர் தன் உள்ளங்கைகளை அடிக்கடி கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சூடாகத்தான் இருந்தன.

அவருடைய மகள் விஷ்ணுப்ரியா வீட்டிலிருந்தபடி உதட்டுக்கும் குதிகாலுக்கும் களிம்பு செய்து கைபேசி வழியாக விற்கிற பெண். அதற்கு அவள் ஷியா பட்டர் வாங்குவாள். கானாவில் ஏதோ மரத்துக் கொட்டையிலிருந்து எடுத்து, கப்பலேறி, வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கி, ஓர் இறக்குமதிக்காரர் மூலம் பின்கட்டுக்கு வந்து சேர்கிற மஞ்சள் வெளுப்புக் கட்டி அது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வெடித்தது, காய்ந்தது, கிறீச்சிட்டது எதுவானாலும் அதற்கு அதுதான் மருந்து. சாஸ்திரிகளின் மனைவி கமலாக்ஷி மாமி குளித்துவிட்டு முழங்கையில் தடவிக்கொண்டாள். கொல்லைக் கதவின் கீலுக்கும் ஒரு விரல் வைத்தாள். விறைத்துப் போன தோல் செருப்பு அதனால் பஞ்சாகிவிட்டது. மரப்பெட்டியின் மேல் தேய்த்ததில் பெட்டிக்கு வயது குறைந்தது. ஒரு நாள் தாளிக்க எண்ணெய் இல்லையென்று அதிலேயே கடுகு தாளித்துவிட்டாள். சாம்பாரைச் சாப்பிட்ட சாஸ்திரிகள் புகை வாசனை அடிக்கிறதே என்று மட்டும் கேட்டார்.

“ஊர்லே இருக்கிற தேங்கா எண்ணெய் போறாதா? ஆப்பிரிக்காலேந்து வேற வரணுமா?” என்பது அவருடைய நிலையான கருத்து.

கருத்து மாறியது ஒரு மத்தியானத்தில். இந்த வருஷ ஜயந்திக்கு முந்தின வாரம், அடுக்களை ஜன்னலோரம் இரண்டு கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கமலாக்ஷி கடைந்த வெண்ணெய் குளமாகக் கிடந்தது. மற்றதில் விஷ்ணுப்ரியாவின் கட்டி, நகர்த்தினால் கூட நகராமல், பதவியேற்ற அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தது. சாஸ்திரிகள் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். விரலுக்குத்தான் வழிவிட்டது, வெயிலுக்கு விடவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். இங்கே அது வெண்ணெய்தானா என்பதுதான் கேள்வி.

“இதுலே மாம்சம், கொழுப்பு ஏதாவது சேர்ந்திருக்கா?”

“சேச்சே. மரத்துக் கொட்டையாக்கும் அப்பா. அங்கே உள்ளவா இதுலேதான் சமைக்கறா. நம்ம இலுப்பை இல்லையா, அந்தக் குடும்பம்தான்.”

சாஸ்திரிகள் நிமிர்ந்தார். இலுப்பை என்றால் விஷயமே வேறு. கோவில் விளக்குக்கு ஆகிற எண்ணெய் அது. ஸ்வாமிக்கு முன்னால் எரிகிற எண்ணெயின் ஒன்றுவிட்ட தம்பி ஸ்வாமி மேலேயே உட்கார்ந்தால் என்ன? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பெரியவர்கள் அதை நையாண்டியாகச் சொன்னார்கள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வேண்டிய இடத்தில் நினைவு வருவதும் வேண்டாத இடத்தில் வராமலிருப்பதும் சாஸ்திரம் படித்தவர்களுக்குக் கைவந்த கலை.

மறுநாள் உச்சி வெயிலில் மொட்டைமாடியில் பரீட்சை நடந்தது. ஆட்டுக்கல் குழவியை நிமிர்த்தி வைத்து, அடியில் ஷியா பட்டரைக் கனமாக அப்பி, மேலே பால் வெண்ணெயை மெல்லிதாகப் பூசி, மூக்கும் தாடையும் வைத்து, முந்திரிப் பருப்பில் பல்லும் வைத்தார். தொட்ட வேலையில் அவருக்குக் கையை நிறுத்தத் தெரியாது. பரீட்சைதானே என்று பாதியில் விடாமல் புருவம் வரை போய்விட்டார். மேல் பூச்சு மினுங்கியது, இரண்டொரு சொட்டு விட்டது. முகம் மட்டும் அசையவில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த குஜராத்திப் பெண்மணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, குழவியைப் பார்த்துக் கும்பிட்டுப் போனாள். சாஸ்திரிகளுக்கு உள்ளே என்னமோ செய்தது. ஆனால் மூக்கு நிற்கிற சந்தோஷத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை.

“பிரசாதம் கொடுக்கறச்சே என்ன பண்ணுவேள்?” என்று கமலாக்ஷி கேட்டாள்.

“மேலே இருக்கிற வெண்ணெயை மட்டும் வழிச்சுக் கொடுப்பேன். அடியிலே இருக்கறது அப்படியே வீட்டுக்கு வந்துடும். யாருக்கும் ஒரு தோஷமும் இல்லை.”

திட்டம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

ஜயந்தி அன்று விளக்குகள் மறுபடி வந்தன. கிருஷ்ணபிரசாத் காலையிலிருந்தே கைபேசியோடு மூக்கைக் குறிவைத்து நின்றார். அவருக்குக் குதிகால் இரண்டும் கோடை வயல் மாதிரி வெடித்திருக்கும். வெறுங்காலோடு கருங்கல் தரையில் நிற்க முடியாமல் மடத்துக்குள் எப்போதும் காலுறை போட்டுக்கொண்டுதான் நிற்பார். மத்தியானம் வந்தது, மூக்கு விழவில்லை. சாயங்காலம் வந்தது, ஆஞ்சநேயர் லேசாக வியர்த்து, வடைமாலைக்கு மேலே வீரமாக நிமிர்ந்திருந்தார். துபாயிலிருந்து கைகூப்புகிற படங்களாக வந்து கொட்டின.

“சாஸ்திரிகளே, ஜோராயிடுத்து!” என்றார் கிருஷ்ணபிரசாத். உணர்ச்சிப் பெருக்கில் அவர் செய்ததுதான் வினை. வெள்ளிக் கரண்டியைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார். “இன்னிக்குப் பிரசாதம் நான் எடுத்துத் தரேன். ஒரு பொட்டு வீணாகப்படாது. நீங்க கல்லு தெரியற வரைக்கும் வழிச்சுடுங்கோ.”

வேறு வழியில்லாமல் சாஸ்திரிகள் வழித்துக் கொடுத்தார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. முதலில் வந்தவர்களுக்கு வெண்ணெய் கிடைத்தது. நடுவில் வந்தவர்களுக்கு இரண்டும் கலந்து கிடைத்தது. அதைச் சுவைத்த பழைய மிளகுத் தரகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, “இதுவாக்கும் அசல் நாட்டு வெண்ணெய். விறகு வாசனை அடிக்கறது பாருங்கோ,” என்றார். கமலாக்ஷிக்குப் பாராட்டு குவிந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இலைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கிருஷ்ணபிரசாத் தனக்கென்று ஓர் உருண்டையை இலையில் மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அதற்கும் பிறகு, கல்லோடு ஒட்டியிருந்ததைச் சுரண்டி, வேலை முடிந்து வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்ற ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அவள் பெயர் பாண்டிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சுள்ளிக்கலில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, இடக்கொச்சியில் செம்மீன் என்கிற இறாலை உரிக்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை தோறும் வேலைக்குப் போகிற வழியில் கேட்டருகே நின்று எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். உள்ளே வராதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. மீன் கவிச்சியோடு ஸ்வாமி சன்னதிக்கு வரக்கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட சட்டம் அது. ஊருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் கேட்டுக்கு வெளியிலிருந்து, “சாமி, சாமி!” என்று கூப்பிட்டாள். சாஸ்திரிகள் போனார். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“இதப் பாருங்க சாமி. ஐஸுக்குள்ளயே கெடந்து, செம்மீன் முள்ளு குத்தி, கை எப்பவும் வாய்பொளந்துதான் கெடக்கும். சோறு பெசைய முடியாது, காந்தும். அன்னைக்கு நீங்க குடுத்த வெண்ணெயைக் கவிச்சிக் கையால எப்புடித் திங்கன்னு, கையிலயே தேச்சுக்கிட்டேன். தெனமும் படுக்கப் போறப்ப துளித் துளியா. பாருங்க, மூடிருச்சு!”

உண்மையில் மூடித்தான் இருந்தது. கோடுகள் இருந்தன, வெடிப்பு இல்லை.

“அனுமாரு என்னையப் பாத்துட்டாரு சாமி,” என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “இத்தன பேருக்கு நடுவுல கேட்டுக்கு வெளிய நிக்குறவளப் பாத்துட்டாரு.”

ஷியா பட்டர் பார்த்தது என்று எப்படிச் சொல்வது? சாஸ்திரிகள், “எல்லாம் அவன் அருள்,” என்றார். தொழில்முறையில் அவர் நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம்தான். அன்றைக்கு மட்டும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

விஷயம் கிருஷ்ணபிரசாத் காதுக்குப் போனது. இனி சனிக்கிழமை தோறும் காலையில் ஒரு மணி நேரம் வெண்ணெய்க் காப்பு என்று கமிட்டி தீர்மானித்தது. ஒரு மணி நேரம் பால் வெண்ணெயே தாங்கும், விளக்கும் கிடையாது. விஷ்ணுப்ரியாவின் அடுத்த கட்டியும் வந்து சேரவில்லை. ஆகவே சாஸ்திரிகள் அசல் வெண்ணெயையே சாத்தினார். மனசுக்கும் இதமாக இருந்தது, இனி எல்லாம் சுத்தம். பாண்டிச்செல்வி ஷெட்டிலிருந்து இன்னும் நாலு பெண்களைக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நிறுத்தி, எல்லோருக்கும் வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பரபரப்பில் கிருஷ்ணபிரசாத் இப்போதெல்லாம் காலுறை இல்லாமல் நடமாடுவதைச் சாஸ்திரிகள் பார்த்தும் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பாண்டிச்செல்வி கேட்டருகே இல்லை. தீபாராதனை முடிந்து வாசலுக்கு வந்த சாஸ்திரிகள், எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த கிடங்கின் முன்னால் அவள் நிற்பதைப் பார்த்தார். முந்தானையால் கைகளைச் சுற்றியிருந்தாள். அவர் தெருவைக் கடந்து போனார். கொடுக்க மறந்த பிரசாத இலை அவர் கையிலேயே இருந்தது.

“ஏன் இங்கே நிக்கறே? பிரசாதம் வாங்கிக்கலையா?”

“வேணாம் சாமி.” அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “தூரமாவே நின்னு கும்பிட்டுக்குறேன்.”

“என்ன ஆச்சு?”

அவள் முந்தானையை விலக்கினாள். கைகள் மறுபடி பிளந்திருந்தன. முன்பைவிட மோசமாகச் சிவந்திருந்தன. வெண்ணெய் புளித்து நாறியதாம். ஷெட்டுப் பூனைகள் பின்னாலேயே வந்ததாம். கூட வந்த பெண்கள் சிரித்தார்களாம். அதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை.

“தப்பு எம்மேலதான். சாமி மேல பட்டத மீனு தொட்ட கையில பூசலாமா? ஒரு தடவ பாவம்னு விட்டாரு. நான் ஆசப்பட்டு ஊரையே கூட்டியாந்துட்டேன். அவரு குடுத்தத அவரே எடுத்துக்கிட்டாரு.” பிறகு தாழ்ந்த குரலில், “எனக்குக் கையி வலிக்கல சாமி. வெறுத்துட்டாரேன்னுதான் வலிக்குது,” என்றாள்.

சாஸ்திரிகள் திரும்பிப் பார்த்தார். மடத்து வாசற்படியில் கிருஷ்ணபிரசாத் நின்று இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தார். குறுகலான தெரு, பேசினால் கேட்கும். பின்கட்டு வீடு, அடுக்களை ஜன்னல், கல்பாத்திக்காரர் எல்லாம் சாஸ்திரிகளின் கண் முன்னே வந்து நின்றன. இன்னொரு முறை ‘எல்லாம் அவன் அருள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவளும் நம்புவாள். ஆயுசு முழுக்க எதிர்ச்சாரியில் நின்று நம்புவாள். 

“அவர் ஒண்ணும் எடுத்துக்கலை,” என்றார். “முதல் தடவை உனக்குக் கிடைச்சது வெண்ணெயே இல்லை. வேற ஒண்ணு. ஷியா பட்டர்னு பேரு. என் பொண்ணு களிம்பு பண்ண வாங்கறது. காப்பு வழியாம இருக்கணும்னு அடியிலே அதை அப்பினேன். அதுதான் உன் கையை ஆத்தினது. போன வாரம் கொடுத்தது நிஜ வெண்ணெய். அதைத் தேச்சா யார் கையும் நாறத்தான் செய்யும், என் கை உட்பட.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப சாமி எம்மேல கோவப்படலையா?”

“இல்லை.”

“தப்பு எம்மேல இல்லையா?”

“இல்லை. எம்மேலதான்.”

அவள் மூச்சு விட்டாள். அவ்வளவு பெரிய மூச்சை இந்தச் சின்ன உடம்பில் ஒரு வாரமாக எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. “அது போதும் சாமி,” என்றாள்.

கிருஷ்ணபிரசாத் படியிறங்கி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, விசித்திரமான அடங்கிய குரலில் கூப்பிட்டார்.

“சாஸ்திரிகளே. ஒண்ணு கேக்கணும்.”

சாஸ்திரிகள் போய் அவர் முன்னால் நின்றார். பாண்டிச்செல்வியும் தெருவைக் கடந்து, வழக்கம்போல் கேட்டருகே வந்து நின்றாள்.

“அடியிலே இருந்ததே, அது பிரசாதமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ.”

இந்தக் கேள்வியைச் சாஸ்திரிகள் எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றுக்காரன், இறங்கு வீட்டைவிட்டு என்பதற்குத்தான் தயாராக வந்திருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அங்கே காரியதரிசியின் குதிகால்கள் இருந்தன. ஒரு வெடிப்பில்லை. மாம்பழத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தன.

வேட்டி மடிப்பில் போன உருண்டை எங்கே போயிற்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பார்ப்பதைப் பார்த்து கிருஷ்ணபிரசாத் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார். முடியாமல் காலை மாற்றினார்.

பிரசாதம் இல்லை என்றால், சாஸ்திரிகள் ஊரை ஏமாற்றினார். காரியதரிசி வெறும் களிம்பைத் தடவிக்கொண்டார், தோஷமில்லை. பிரசாதம்தான் என்றால், சாஸ்திரிகள் ஊருக்குக் கொடுத்தது பிரசாதம். அதைக் காலில் தேய்த்தவர் காரியதரிசி. ஐம்பது வருஷ சாஸ்திர வாசனையில் இப்படியொரு கேள்வி வாஞ்சிநாதனுக்கு வந்ததே இல்லை. பதில் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருவர் தலையில் விழும். அவர் கேட்டருகே நின்றவளைப் பார்த்தார். அவளும் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள், கைகளை மூடாமல்.

“காலம்பற முதல் சாயங்காலம் வரைக்கும் ஸ்வாமி திருமேனியிலே இருந்தது,” என்றார் சாஸ்திரிகள். “பிரசாதம்தான்.”

கிருஷ்ணபிரசாத் மறுபடி காலை மாற்றி நின்றார்.

“செரி,” என்றார் கடைசியில். “கல்பாத்திக்குப் போன் பண்ண வேண்டாம்.” பிறகு, தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, “விஷ்ணுப்ரியாகிட்டே அது டப்பாவிலே கிடைக்குமோ? ஸ்வாமி மேலே படாததா?” என்று கேட்டார்.

“நாளைக்குக் கட்டி வரது. தரச் சொல்றேன். ஷெட்டுப் பொண்ணுகளுக்கும் சேர்த்துத்தான்.”

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டிச்செல்வி தொண்டையைச் செருமினாள்.

“சாமி, தப்பு எம்மேல இல்லேன்னா,” என்றாள், “நான் உள்ள வரலாமா?”

சாஸ்திரிகள் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி தன் கால்களைப் பார்த்தார். பிறகு, கருங்கல் படியில் சத்தமே இல்லாமல், வெறும் பாதத்தோடு ஒதுங்கி வழிவிட்டார்.